அரை மணி முன்னால் ஓடும் விருந்தாளிகள்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் சம்பந்தி யார் துணையும் இல்லாமல் தன் கையாலேயே எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இரும்புக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதியது அப்படியே இருக்கிறது, சம்பந்தி! வாயால் நலம் விசாரித்தால் அடுத்த நிமிடமே காற்றோடு போய்விடுகிறது. தாளில் விசாரித்தால் நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்திலும் அது விசாரித்துக்கொண்டே இருக்கிறது. இந்த விஷயம் இத்தனை வருடங்களாக உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை.

போனில் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம்தான். ஆனால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று நீங்கள் கைப்பேசியை அணைத்தே வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பேச வேண்டியது இருந்தால் திறந்து, பேசி, உடனே மூடிவிடுகிறீர்கள். போன வாரமும் அப்படித்தான் திறந்தீர்கள். “அடுத்த வாரத்துக்குள்ள உன்னை நிரந்தரம் பண்ணலைன்னா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடுவேன். நம்ம கடைக் கணக்கைப் பாரு, போதும்” என்று மருமகளிடம் சொன்னீர்கள். அவள் “அப்பா, ஒரு நிமிஷம்” என்றாள். அதற்குள் மூடிவிட்டீர்கள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்காக அவள் அந்த மூடிய போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகையால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். சம்பந்தியைப் பார்த்து வராதீர்கள் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, அதனால்தான் அந்தச் சொல் கோணலாக விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள், ஒரு மாதம் தங்குங்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவள் ஆபீஸில் இருந்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நான் எழுதுகிற வேகத்திலேயே நீங்களும் படித்தால் சரியாக இருக்கும்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் மாப்பிள்ளை, என் பையன், கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறான், எப்போது திரும்புவான் என்று கப்பலுக்கே தெரியாது. இங்கே பெண் மேசைமேல் கணினியை வைத்துக்கொண்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறாள், அதுவும் தற்காலிகம் என்றால் எந்த அப்பனுக்கும் மனசு பொறுக்காது. ஆனால் அவள் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை உங்களுக்குத் தெரியும், சன்னல் ஓரமாக, ரயில் ஸ்டேஷன் சுவரைப் பார்த்துக் கிடக்கும். அதில் ஒரு பக்கம் அவள் வேலை, இன்னொரு பக்கம் என் எழுத்துப் பயிற்சி. வண்டி கூவும்போதெல்லாம் இரண்டு பேரும் தலையை நிமிர்த்தி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அப்படித்தான் ஒரு நாள் கேட்டேன், “என்னம்மா செய்யறே?” அவள் சொன்னாள், “கணினி செய்யறேன் மாமா.” நான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. “அதெல்லாம் இல்லாத கணினி மாமா” என்றாள்.

இது வேடிக்கை இல்லை, சம்பந்தி. அவர்கள் ஆபீஸில் அலமாரி மாதிரி ஒரே ஒரு பெரிய கணினி இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் நிறையச் சின்னக் கணினிகள் இருக்கின்றன. கையால் தொட முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் தான் தனியாக ஒரு கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெரியது வீட்டுக்காரர், உள்ளே இருப்பவை விருந்தாளிகள் என்று அந்தத் தொழிலில் சொல்கிறார்களாம். அவள் பார்ப்பது லினக்ஸ் என்கிற வகை விருந்தாளிகள். அவற்றுக்குச் சாப்பாடு வேண்டாம், தலையணை வேண்டாம். ஆனால் பிறந்த உடனே யாராவது பக்கத்தில் இருந்து, உன் பேர் இது, உன் விலாசம் இது, வெளியே போக வாசல் இது, மற்றவர்கள் விலாசம் தெரியாவிட்டால் கேட்க வேண்டிய ஆள் இவர், இப்போது மணி இவ்வளவு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பித்துப் பிடித்த மாதிரி நிற்கும். இந்த விருந்தாளிகள் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்குத்தான்! நான் படிக்கிற முதியோர் வகுப்புக்கு. சமூகக்கூடத்து மாடியில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு திரையும் விசைப்பலகையும் வைத்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. எங்கள் கணினிகள் எல்லாம் அங்கே ஆபீஸ் அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் மருமகள் ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனித்தனியாகத்தான் பேரும் விலாசமும் சொல்லிக்கொடுத்தாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. மனுஷி எவ்வளவு நேரம்தான் ஒரே பாட்டைப் பாடுவாள்? எங்கேயோ கண் அசந்து, இரண்டு பேருக்கு ஒரே விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். ஒன்று எனக்கு வந்தது, இன்னொன்று என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தையல்காரம்மாவுக்குப் போனது. ஒரே வீட்டுக்கு இரண்டு குடித்தனம் வந்தால் என்ன ஆகும்? அந்தம்மா திரை உயிரோடு இருந்தால் என் திரை செத்துவிடும், என் திரை பிழைத்தால் அந்தம்மா திரை போய்விடும். “செங்கல், உங்க கையை எடுங்க, என்னுது போகுது!” என்று அந்தம்மா கத்த, “நீங்க முதல்ல எடுங்க!” என்று நான் கத்த, டீச்சர் வந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பில் என்னைச் செங்கல் என்றுதான் கூப்பிடுவார்கள், சூளையில் கல் அறுத்தவன் என்பதால். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எழுத நான்கே எழுத்துதான்.

அன்றைக்கு அவள் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் வைத்த பேர் அவசரம். கெட்டவர் இல்லை. ஆனால் போனை எடுத்தாலே ‘அவசரம்மா’ என்றுதான் ஆரம்பிப்பார், ‘அவசரம்’ என்றுதான் முடிப்பார். நடுவில் என்ன சொன்னார் என்பது சொன்னவருக்கே ஞாபகம் இருக்காது. அதற்குப் பிறகுதான் மருமகள் யோசித்தாள். “மாமா, இதை எல்லாத்தையும் ஒரே தரம் சரியா எழுதிச் சேமிச்சு வச்சுட்டா, அதுக்கப்புறம் எத்தனை கணினி வேணும்னாலும் அதையே காட்டி வார்த்து எடுத்துடலாம்” என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சூளையில் எங்களுக்கும் ஒரே அச்சுதான், அதில் எத்தனை கல்லும் அறுக்கலாம். ஆனால் செங்கல்லுக்குப் பேரும் விலாசமும் வேண்டாம், கணினிக்கு வேண்டும். அதனால் அச்சு ஒரு பக்கம், அந்த அச்சில் வார்த்ததற்குச் சொல்ல வேண்டிய சொல் இன்னொரு பக்கம். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களுக்கு எந்த நாற்காலி, எத்தனை தலையணை, காபியில் எவ்வளவு சர்க்கரை, குளிக்கப் போனால் எவ்வளவு நேரம் கதவைத் தட்டக் கூடாது என்பதெல்லாம் என் வீட்டம்மா மனதில் ஒரு தரம் பதிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் உங்களைக் கேட்கிறாளா? இல்லையே. மருமகள் செய்ததும் அதுதான். ஆளுக்கு ஆள் மாற வேண்டிய விலாசத்தை மட்டும், “இதை ஒவ்வொரு தரமும் என்னைக் கேட்டுக்கோ” என்று வைத்துவிட்டாள்.

பேர் வைக்கும்போது எங்களைக் கலந்துகொண்டாள். முன்னால் ஒரு சொல், பின்னால் எண்ணை அதுவே போட்டுக்கொள்ளுமாம். நான் ‘அறிவுக் களஞ்சியம்’ என்றேன். “நடுவுல இடம் விடக் கூடாது மாமா” என்றாள். என் வீட்டம்மா உள்ளே இருந்து, “தங்கம்னு வைம்மா, கூப்பிட்டா ஓடி வரும்” என்றாள். “அங்க ஏற்கெனவே ஒரு தங்கம் இருக்கு அத்தை.” புள்ளி கூடாது, கீழ்க்கோடு கூடாது, தமிழ் எழுத்தே கூடாது, இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் உள்ளே போகும் என்று வரிசையாகச் சொன்னாள். “நான் பிள்ளை பெத்தப்பகூடப் பேர் வைக்க இத்தனை பாடு படலையே” என்றாள் வீட்டம்மா. கடைசியில் மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதையோ தட்டினாள். “என்னம்மா அது?” என்றேன். “செங்கல்” என்றாள். செங்கல் ஒன்று, செங்கல் இரண்டு, செங்கல் மூன்று! சம்பந்தி, உங்கள் கடைப் பலகையில் உங்கள் பேர் இருக்கிறது. எனக்கு இன்றைக்கு ஒரு வகுப்பறை முழுக்க இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில், “எனக்கும் ஒரு வேலை குடும்மா” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் யோசித்து, “சரி, இந்த இடத்தைத் தொட்டா ஊர்ப் பேரா வரும், பக்கத்துலயே அங்க மணி என்னன்னு காட்டும். நம்ம மணி சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சேமிங்க மாமா” என்றாள். அந்த நேரம் பார்த்து அவசரம் போன் செய்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள். “ஒரு வாரமா ஒரு கணினிகூட வரலை, உக்காந்து என்னதான் எழுதறே?” என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நான் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். திரையில் ஏற்கெனவே ஒரு ஊர் இருந்தது. அதன் மணி நம் கடிகாரத்துக்குச் சரியாக அரை மணி பின்னால் இருந்தது. சோம்பேறி ஊர் போலிருக்கிறது என்று நினைத்து அதைத் தள்ளினேன். ஊர்ப் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எண் தெரியுமே, சூளையில் கல் எண்ணிய கை. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, எங்கள் சுவர்க் கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகிற ஒரு ஊரைக் கண்டுபிடித்துச் சேமித்துவிட்டேன். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஆச்சா மாமா?” “ஆச்சும்மா.” அவள் இருந்த நிலையில் அதை மறுபடி சரிபார்க்கவில்லை. அன்று சாயங்காலமே அத்தனை செங்கல்லையும் வார்த்து எடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பேர், தனித்தனி விலாசம், ஒரு சண்டை இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போனாலும் முன்னாலேயே போய் நிற்கிறவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. சூளை லாரிக்கு முதல் ஆள் நான்தான். உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதும் நீங்கள் சட்டை போடுவதற்கு முன்பே வந்து நின்றோம், ஞாபகம் இருக்கும். இதை நான் என் குணம் என்றே நினைத்திருந்தேன்.

தேர்வு நாள் வந்தது. எங்களுக்கு முதல் நிலைத் தேர்வு, பத்து மணிக்குத் தொடக்கம், ஒரு மணி நேரம், திரையில்தான் எழுத வேண்டும். தேர்வைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்தக் கணினியே தன் மணியைப் பார்த்துச் செய்துகொள்ளும். கல்வித் துறையில் இருந்து ஒரு பெரிய அம்மா வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் வெள்ளெனவே வந்து உட்கார்ந்துவிட்டோம். டீச்சர் வருவதற்கு முன்பே திரைகளில் ‘தேர்வு தொடங்கிவிட்டது’ என்று வந்துவிட்டது. தையல்காரம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “செங்கல், தொடங்கிருச்சாமே” என்றார். “டீச்சர் சொல்லாம தொடாதீங்க” என்றேன். இந்த வயதில் காப்பியடித்தான் என்று பேர் வாங்கலாமா? எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு டீச்சர் வந்தார், அவசரம் வந்தார், பெரிய அம்மா வந்தார். வரவேற்புரை நடந்தது. பெரிய அம்மா நன்றாகப் பேசினார். எழுத்து என்பது கண் மாதிரி என்றார், நாங்கள் கை தட்டினோம். பிறகு “தொடங்குங்க” என்றார். முதல் கேள்வி, உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுக. எனக்கு உங்களைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. ‘மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு’ என்று ஒவ்வொரு விசையாகத் தேடி அடித்து முடித்து நிமிர்ந்தேன். திரை மூடிக்கொண்டது. ‘நேரம் முடிந்தது.’ எல்லாத் திரையிலும் அதே. தையல்காரம்மா ஒரு வரிகூட முடிக்கவில்லை, மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் படிக்க வந்து, முதல் தேர்வில் பத்து நிமிடத்தில் எழுப்பிவிட்டால் யாருக்குத்தான் அழுகை வராது?

அவசரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசி வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மருமகளைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்து என் திரையைப் பார்த்தாள், தன் கைப்பேசியைப் பார்த்தாள். “சார், கணினிங்க நேரத்தைச் சரியாத்தான் கேட்டு வாங்குது. ஆனா எந்த ஊர்ல இருக்கோம்னு தப்பா நினைச்சுக்கிட்டிருக்கு. நமக்கு அரை மணி முன்னால இருக்கிற ஊர்ல இருக்கு” என்றாள். “எல்லாமேவா?” “எல்லாமே சார்.” “நேரம்கூடப் பாத்து வைக்கத் தெரியாதாம்மா உனக்கு? இதுக்கா இத்தனை நாள் உக்காந்தே?” அத்தனை பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான் சார்” என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சம்பந்தி. நீங்கள் வளர்த்த பிள்ளை.

நான் எழுந்து நின்றேன். “அவ தப்பு இல்லைங்க. நேரம் வச்சது நான். எங்க வீட்டுக் கடிகாரத்தோட நிமிஷம் பிசகாம ஒத்துப் பாத்துத்தான் வச்சேன். தப்பே இருக்க முடியாது” என்றேன். மருமகள் மெதுவாகச் சொன்னாள், “மாமா, நம்ம வீட்டுக் கடிகாரம் அரை மணி முன்னால ஓடுது.” “யார் சொன்னா?” “அத்தைதான் வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.” முதலில் சிரித்தவர் தையல்காரம்மா. அழுதுகொண்டே சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. பெரிய அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெரிய அம்மா, “சரி, இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார். அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக, “அவசரப்பட்டா முடியாதுங்க மேடம், ரெண்டு நாளாவது ஆகும்” என்றார். மருமகள், “நீங்க டீ குடிங்க மேடம்” என்றாள். மடியில் கணினியை வைத்தாள். எழுதிவைத்திருந்ததில் அந்த ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். வந்திருந்த அத்தனை விருந்தாளிகளையும் ஒன்று விடாமல் கலைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், என் பேர் வைத்த பிள்ளைகள் ஆயிற்றே. பிறகு அதே அச்சில், திருத்திய சொல்லைக் காட்டி, மறுபடி எல்லோரையும் வார்த்தாள். அவள் கேட்டு நிரப்ப வேண்டியது விலாசம் மட்டும்தான், மற்றதெல்லாம் தானாக நடந்தது. பெரிய அம்மா இரண்டாவது டீயை முடித்துத் தட்டில் வைத்தபோது கடைசித் திரையும் எரிந்துவிட்டது. செங்கல் ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் வந்து நின்றன, எங்கள் ஊர் மணியோடு. ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னதால் எல்லோரும் தவறினார்கள், அதே ஒரு இடத்தில் திருத்தியதால் எல்லோரும் திருந்தினார்கள். கையால் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் நாங்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்போம். தேர்வு எழுதினோம். மறுபடியும் ‘மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு’ என்று தொடங்கினேன், இந்தத் தடவை நலம் விசாரிப்பது வரை போய்விட்டேன். மீதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மாவைக் கேட்டேன். “கடிகாரத்தை எப்ப முன்னால வச்சே?” அவள் அரிசி களைந்துகொண்டே, “கல்யாணம் ஆன புதுசுல” என்றாள். “ஏன்?” “நீங்க லாரியை விட்டுட்டு வந்து விட்டத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தீங்களே, அன்னிக்கு.” “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” “சொன்னா மனசுக்குள்ள அரை மணி கழிச்சுக்கிட்டு இன்னும் அரை மணி தூங்குவீங்க.” நான் என் குணம் என்று நினைத்தது அவள் திருகிய திருகாணி. எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அன்றே ஸ்டூல் போட்டு ஏறி, மருமகளின் கைப்பேசியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை நானே சரியாக வைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் கடிகாரத்தில் கை வைப்பதில்லை என்று நானும் அவளும் கையடித்துச் சொல்லிக்கொண்டோம். இப்போது எங்கள் வீட்டில் மணி என்றால் மணி. எந்த ஏமாற்றும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் கலையும்போது அவசரம் மருமகளிடம் வந்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. “திங்கக்கிழமை காலைல ஆபீஸ் வாங்கம்மா, பேசலாம்” என்றார். அவசரம் என்ற சொல்லே அதில் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நிரந்தரம் என்று சொல்வாரா, நின்றுகொள் என்று சொல்வாரா, தெரியாது. ஆனால் போனால்தானே தெரியும்? அவள் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வண்டி ஏறிவிட்டால் கேட்காமலேயே அது முடிந்துபோய்விடும். “உங்கப்பாகிட்ட ஒரு நாள் கேளேம்மா” என்றேன். “அப்பாகிட்ட எதிர்த்துப் பேச எனக்கு வராது மாமா. வந்தா போயிடறேன்” என்று சொல்லி, பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். மடிக்கணினியின் கம்பியை மட்டும் சுருட்டவில்லை. அது இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. நான் எழுதும்போது என் முழங்கையில் இடிக்கிறது.

சம்பந்தி, உங்கள் பெண்ணை எனக்குப் பிடித்திருப்பதால் சொல்லவில்லை, அது வேறு விஷயம். அவள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறாள். தப்பு வந்தது என்னால். என் தப்புக்கு அவள் பை தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு என் ஆசிகள், கடையில் இருப்பவர்களுக்கு என் விசாரிப்புகள். உங்கள் முழங்காலுக்கு எங்கள் எல்லோருடைய பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மறவாத சம்பந்தி
(இதுவும் என் கையெழுத்துதான், ரேகை இல்லை.)

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நீங்களும் வந்துவிட்டீர்கள். ஆகவே வராதீர்கள் என்று மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மத்தியான வண்டியில திரும்பணும், அதை விட்டா நாளைக்குத்தான்” என்றீர்கள். மருமகள் பையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். நீங்கள் குளிக்கப் போனீர்கள். உங்கள் குளியல் எவ்வளவு நேரம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த ஏமாற்றும் கிடையாது என்று எழுதினேன் அல்லவா, அதையும் படிக்க வேண்டாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது நான்தான். என் வீட்டம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சுவரைப் பார்த்து, “அடடா, வண்டி போயிருக்குமே! கூவல்கூடக் கேக்கலையே” என்றீர்கள். “குழாய் திறந்திருந்துச்சு சம்பந்தி” என்றாள் அவள். உங்கள் கைப்பேசி வழக்கம்போல அணைந்திருந்தது. மருமகள் தன் கைப்பேசியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஸ்டூல் இடம் மாறி இருப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நேரம் வைப்பதுதான் அவள் வேலை, அவளுக்கா தெரியாது? பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, “அப்பா, தலையணை ரெண்டா கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாள்.

இப்போது நீங்கள் உள் அறையில் குறட்டை விடுகிறீர்கள். நான் உங்களிடம் உண்மையை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன், எழுந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். வண்டி இன்னும் ஸ்டேஷனில்தான் நிற்கிறது. சன்னல் வழியாகத் தெரிகிறது. இப்போது எழுப்பினால் நீங்கள் தாராளமாகப் பிடித்துவிடலாம். இந்த வரியை முடித்ததும் எழுப்புவதாகத்தான் இருந்தேன்.

கூவிவிட்டது. நீங்கள் புரண்டு படுத்து, “என்ன வண்டி அது?” என்றீர்கள். “சரக்கு வண்டி” என்று அடுக்களையில் இருந்து பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், சம்பந்தி. நான் மெதுவாக எழுதுகிறவன்.